கருங்காலிமுனையில் நான் பிழையாக வெட்டிய பன்னிரண்டு பெயர்கள்

ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் தேநீர் வைத்தார்கள். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழும்பி, "எல்லாருக்கும் சந்தோசம்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். மிச்சம் இரண்டு வார்த்தையையும் எழுதித் தாருங்கள் என்று இளையவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இப்போது புதுசு புதுசாக வீட்டுத் திட்டங்கள் வருகின்றன, பழைய ஆட்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவும் என்றார்கள். உதவுமோ தெரியாது. ஐந்தாம் வகுப்புப் படித்தவன் எழுதுவது. பிழை கண்டால் திருத்தி வாசியுங்கள்.

சுதந்திரம் கிடைத்த வருடம் எனக்கு இருபத்தொரு வயது. எங்கள் ஊர் மூதூர். திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரரின் நேவி அப்போதும் இருந்தது. அங்கே ஒரு மேசனுக்குச் சாந்து சுமந்தேன். மூன்று வருடம் சுமந்த பிறகு சாந்தகப்பையைக் கையில் தந்தார்கள். இன்னும் இரண்டு வருடம் போய்த் தூக்குக்குண்டு பிடிக்க விட்டார்கள். எழுத்தும் அங்கேதான் ஒழுங்காக வந்தது. கட்டி முடித்த சுவரில் இலக்கமும் பெயரும் ஈரச் சீமெந்தில் வெட்டுவது என் வேலை. பள்ளிக்கூடத்தில் நான் எழுதியதெல்லாம் கோணல். சீமெந்தில் வெட்டியது நேராக நின்றது. காய்ந்த பிறகு அழிக்க ஏலாது என்று தெரிந்தால் கை தானாகக் கவனமாகும்.

நேவி போன பிறகு அங்கே வேலை குறைந்தது. கிராம அபிவிருத்தி வேலைகளுக்கு நாட்கூலி மேசனாகச் சேர்ந்தேன். சில வருடத்தில் வேலை மேற்பார்வையாளர் என்று பெயர் தந்தார்கள். வேலை அதேதான். சைக்கிள் மட்டும் புதிது. தோப்பூரில் மதகு, கட்டைபறிச்சானில் கிணறு, இன்னும் பெயர் மறந்த ஊர்களில் பெயர் மறக்காத ஒழுங்கைத் தெருக்கள். அவ்வளவுதான் என் சரித்திரம்.

எனக்கு மேலே இருந்தவர் நவரத்தினம் ஐயா. யாழ்ப்பாணத்து மனிதர். மெலிந்த ஆள். வெள்ளை நீளக் காற்சட்டை, கையில் குடை, தோளில் தண்ணீர்ப் போத்தல். எந்த ஊருக்குப் போனாலும் தன் தண்ணீரையே குடிப்பார். சுத்தம் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. நாங்கள் போன ஊர்களில் தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும். பெண்கள் சுமந்து வந்த தண்ணீரைக் கேட்டுக் குடிக்க அவருக்கு மனம் வரவில்லை. கிணறு கட்டி முடிந்த அன்று அந்த ஊர்த் தண்ணீரை வாங்கி இரண்டு செம்பு குடிப்பார்.

அவர் ஏசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதிகக் கோபம் வந்தால் அதிக நேரம் துடைப்பார். எதையும் முதலில் பென்சிலால் எழுதுவார். ஒரு கிழமை யோசித்த பிறகு அதன் மேலே மையால் எழுதுவார். மை பட்டால் பிறகு மாற்றமாட்டார்.

ஒரு தடவை நான் கட்டிய கிணற்றில் அவரே தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். ஒரு விரல் சரிவு. கண்ணாடி கழன்றது.

"நீர் இந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிப்பீரோ?"

"ஓம் ஐயா."

"அப்ப சரி. அடுத்த கிணறு நேரா நிக்கட்டும்."

அதற்குப் பிறகு என் கிணறு எதுவும் சரியவில்லை.

கருங்காலிமுனைக்கு நாங்கள் போனது அறுபதுகளில். தோப்பூரைத் தாண்டித் தெற்கே, உப்புநீர்க் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு நாக்குப் போல மணல். பன்னிரண்டு குடும்பம். வேடர் வழிவந்த ஆட்கள். காட்டில் தேனும் கிழங்கும் எடுப்பார்கள், களப்பில் மீன் பிடிப்பார்கள், மழை பெய்தால் காடு வெட்டிச் சேனைப் பயிராகச் சோளம் போடுவார்கள். பேசுவது நம்முடைய தமிழ்தான். களிமண் குடில்கள். கோப்பில் அவர்களுக்குப் 'பின்தங்கிய சமூகம்' என்று பெயர். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லால்தான் சீமெந்து வந்தது.

பன்னிரண்டு கல்வீடு, ஒரு கிணறு. இதுதான் திட்டம். சாமான் அரசாங்கம் தரும், மேசன் வேலை எங்களுடையது, மற்ற உழைப்பு ஊரார் தர வேண்டும். வீடு ஒன்று இருபது அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். ஒரு அறை, ஒரு விறாந்தை, பின்பக்கம் குசினி. சீமெந்து துறைமுகத்திலிருந்து மோட்டார் லோஞ்சுப் படகில் மூதூருக்கு வரும். அங்கிருந்து மாட்டு வண்டி. களப்போரம் வண்டி புதையும் இடத்திலிருந்து தலைச்சுமை.

அத்திவாரம் இரண்டடி என்று படத்தில் போட்டிருந்தது. மணல் நிலத்துக்கு அது போதாது. நான் மூன்றடி வெட்டினேன். ஐயா வந்து நாடா போட்டு அளந்தார்.

"படத்தில ரெண்டு எண்டெல்லோ கிடக்கு."

"கடல் அந்தப் படத்தப் பாக்கல்ல ஐயா."

கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மூன்று என்று பென்சிலால் எழுதினார். அடுத்த கிழமை வந்து மையால் எழுதினார்.

நான் செய்த வேலைகளில் அது போலச் சிரித்துச் செய்த வேலை வேறில்லை. ஊரார் உழைப்பு என்றால் மற்ற ஊர்களில் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே நான் போய்ச் சேர முன்னமே மணல் அரித்து வைத்திருப்பார்கள். பெண்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். அவர்களில் சின்னாச்சி என்று ஒருத்தி. நாற்பது வயது இருக்கும். மூன்று பெண்பிள்ளைகள். அவளுடைய புருசன் நாகன் அதிகம் பேசாத ஆள். அவனுக்கும் சேர்த்து அவள் பேசினாள். சாந்துத் தாச்சிச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பேசினாள். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் காக்கா என்பார்கள்; என்னையும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"மேசன் காக்கா, என்ன சுவரத் தடவிக்கிட்டே நிக்கிறீங்க? சுவரா, புதுப் பொஞ்சாதியா?"

"மட்டம் பாக்கிறன்."

"பாத்தது காணும். எங்கட மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசி வச்சிருக்கு. நீங்க மட்டம் பாத்து முடிய அவள் கிழவியாயிருவாள்."

மூத்தவள் பூமணி. வெருகல் பக்கத்து மாப்பிள்ளை. வீடு முடிந்ததும் கலியாணம் என்று பேச்சு. சின்னாச்சி ஒவ்வொரு கல்லையும் மகளுக்கு நகை வாங்குவது போலப் பார்த்து எடுத்துத் தந்தாள்.

வேலை நடக்கும்போதே வீட்டுக்காரர் பட்டியல் எழுதும்படி எனக்குச் சொல்லப்பட்டது. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் குடில் குடிலாகப் போய் ஆம்பிளைகளின் பெயரைக் கேட்டேன். வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கிறேன் என்று நினைத்துச் சொன்னார்கள். நாகன், கதிரன், வேலாயுதன் என்று பன்னிரண்டு பெயரும் எழுதி அனுப்பினேன். அந்தப் பட்டியலில் உள்ள பெயருக்குத்தான் வீட்டு உரிமைப் பத்திரம் வரும்.

அதோடு நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை.

வீட்டுக்கு வீடு தகர இலக்கம் அடித்தால் போதும் என்பது கட்டளை. தகரம் உப்புக்காற்றில் இரண்டு வருடம் நிற்காது. எனக்கு எழுத்து வெட்டும் ஆசை. கதவு நிலைக்கு மேலே பூச்சுப் பூசி, ஈரம் காய முன்னம் ஒவ்வொரு வீட்டிலும் பெயரை வெட்டினேன். அரை விரல் ஆழம். ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டுக் காய விட்டேன். சாக்கை எடுத்த அன்று ஊரைக் கூப்பிட்டேன். அந்த ஊரில் எழுத்துத் தெரிந்த ஆள் இல்லை. ஆகையால் வாசல் வாசலாக நின்று நானே உரத்து வாசித்தேன். "நாகன் வீடு. கதிரன் வீடு." பன்னிரண்டும் வாசித்தேன். துறைமுகத்தில் பெரிய பெரிய கட்டிடத்தில் வெட்டினேன், இவ்வளவு வடிவாக ஒரு நாளும் வெட்டியதில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சின்னாச்சி முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனாள். மற்றவர்களும் போனார்கள். பன்னிரண்டு கதவையும் பூட்டித் திறக்கும் திறப்புக் கோர்வை என் கையிலேயே இருந்தது.

மூன்று நாள் கழித்துப் போனேன். பன்னிரண்டு வீடும் வெறுமையாக நின்றன. இல்லை, பிழை. கதிரன் வீட்டு விறாந்தையில் நாலு ஆடு படுத்திருந்தது. நாகன் வீட்டு விறாந்தையில் நாகன் படுத்திருந்தான்.

"என்ன நாகன், தனியக் குடி வந்திட்டியா?"

எழும்பி இருந்தான். கண் சிவந்திருந்தது.

"அவள் போகச் சொல்லிற்றாள் காக்கா. ஒனக்குத்தான் ஊரறியச் சொந்த வீடு இருக்கே, அங்க போய்க் கிட எண்டிற்றாள்."

"சோறு?"

"பூமணி ஒளிச்சுக் கொண்டு வந்து தாறாள்."

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. கல்வீடு இவர்களுக்குப் பழக்கமில்லை, கொஞ்ச நாளில் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறியது. மேசையிலிருந்து ஒரு கடிதம் எடுத்து வாசித்துக் காட்டினார். பட்டணத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பத்து நாளில் பார்க்க வருகிறார். பெறுபவர் ஏற்காத வீடுகள் வேறு ஆட்களுக்குப் போகும். மீன் முதலாளி ஒருவர் அந்த முனையில் மீன் காயவைக்கும் வாடி போட இடம் கேட்டு ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். வீடு போனால் கிணறும் போகும், கரையும் போகும். அந்தப் பன்னிரண்டு குடும்பமும் காட்டோரம் ஒதுங்க வேண்டியதுதான்.

மறுநாளே ஐயா வந்தார். கிணற்றடியில் ஒரு பாலை மரம். அதன் கீழே ஐயா இருக்கக் கதிரை போட்டோம். ஆம்பிளைகள் ஒரு பக்கம் குந்தினார்கள். பெண்கள் மறுபக்கம் நின்றார்கள்.

"வீட்டில என்ன குறை எண்டு சொல்லுங்கோ," என்றார். "கதவு சரியில்லையோ? குசினி சின்னனோ?"

ஆம்பிளைகள் நிலத்தைப் பார்த்தார்கள்.

"கதிரன், நீர் சொல்லும்."

"வீடு நல்ல வீடு ஐயா."

"அப்ப ஏன் ஆடு கட்டியிருக்கிறீர்?"

"ஆட்டுக்குச் சொந்தக்காரர் ஆரெண்டு பேதமில்லையே ஐயா."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் தொடங்கினார். அப்போது சின்னாச்சி முன்னுக்கு வந்தாள்.

"ஐயா, ஒண்டு கேக்கலாமா?"

"கேளுங்கோ."

"உங்கட வீடு எங்க?"

"யாழ்ப்பாணத்தில."

"அது ஆர்ர பேரில இருக்கு?"

துடைத்த கை நின்றது. பிறகு மெல்லச் சொன்னார்.

"மனிசீன்ர பேரில. சீதன வீடு."

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழும்பி அடங்கியது. சின்னாச்சி என் பக்கம் திரும்பினாள்.

"காக்கா, உங்கட ஊடு?"

கலியாணம் செய்த நாளிலிருந்து நான் இருப்பது என் மனைவியின் வீட்டில். அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்தது. என் இரண்டு தங்கச்சிமாருக்கு நான் கட்டிக் கொடுத்தேன். எங்கள் ஊரிலும் அதுதான் முறை. வீடு பெண்ணுக்கு. ஆம்பிளை கலியாணம் செய்து அங்கே போவான். இதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. இருந்தும் படிவத்தைக் கையில் எடுத்ததும் எனக்கு அது ஞாபகத்தில் வரவில்லை.

"பொஞ்சாதிட ஊடுதான்," என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் பொஞ்சாதிமார்ர வீட்டில இருப்பீங்க. எங்கட ஆம்பிளையளுக்கு மட்டும் சொந்த வீடு குடுப்பீங்க. ஏன் ஐயா, நாங்க என்ன குத்தம் செய்தம்? சொந்தமா வீடு வச்சிருக்கிற ஆம்பிளை ஆரு? பொஞ்சாதி துரத்தி விட்டவன். இல்லாட்டிக் கட்ட ஆளில்லாதவன். காக்கா பன்னிரண்டு பேரையும் அப்பிடியாக்கி, அதையும் சீமெந்தில வெட்டி, ஊரைக் கூட்டி வாசிச்சும் விட்டார்."

இப்போது ஆம்பிளைகளும் சிரித்துவிட்டார்கள். நாகன் மட்டும் சிரிக்கவில்லை. சின்னாச்சியும் சிரிக்கவில்லை. அவள் குரல் இறங்கியது.

"வெருகலாக்கள் வந்தாங்க ஐயா. மாப்பிள்ளைட தாய். வீடு ஆர்ர பேரில எண்டு கேட்டாள். தகப்பன்ட பேரில எண்டன். அப்ப அவருக்குப் பொறகு அவர்ர ஆம்பிளைச் சொந்தத்துக்குத்தானே போகும், உன்ட மகளுக்கு என்ன இருக்கு எண்டு கேட்டிற்று எழும்பிப் போயிற்றாள். என்ட புள்ளைட கலியாணம் அந்தக் கதவுக்கு மேல நிக்கிது."

ஐயா கண்ணாடியைப் போட்டார். "பெயரை மாத்தினா வருவீங்களோ?" என்று பெண்களைப் பார்த்துக் கேட்டார்.

"அண்டைக்கே அடுப்பு மூட்டுவம்."

அவர் அன்றே லோஞ்சில் பட்டணம் போனார். இரண்டாம் நாள் திரும்பி வந்தார். பெயர் மாற்ற விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் களத்தில் விசாரித்து அறிக்கை வைக்கலாம், வருகிறவர் பார்த்து முடிவு செய்வார். சரி வராவிட்டால் பட்டியல் பட்டியல்தான்.

"விசாரிப்பம்," என்றார் ஐயா. "ஆனா ஒழுங்கா விசாரிப்பம்."

அவர் விசாரித்த விதத்தை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு தாள். புருசனையும் மனைவியையும் சேர்த்துக் கூப்பிட்டார். இருவரையும் இருக்கச் சொன்னார். கேள்வி நாலே நாலு. இப்போது இருக்கும் குடில் யாருடையது? அதற்கு முன்னம் யாருடையது? புருசன் எங்கிருந்து வந்தார்? இந்தக் குடும்பத்துக்குத் தலை யார்? சொன்னதைச் சொன்னபடி எழுதினார். எழுதியதைத் திருப்பி வாசித்தார். இருவரிடமும் பெருவிரல் அடையாளம் எடுத்தார். விரல் துடைக்கத் தன் லேஞ்சித் துணியைக் கொடுத்தார். பின்னேரத்தில் அந்த லேஞ்சி முழுக்க நீலம்.

நாலாவது கேள்விக்குத்தான் ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. ஒவ்வொரு புருசனும் விரலை நீட்டி மனைவியைக் காட்டினான். வேலாயுதன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான் தலை" என்றான்.

அவன் மனைவி திரும்பினாள். அவனைப் பார்த்தாள்.

"எண்டு சந்தையில சொல்லுறனான்," என்றான் வேலாயுதன்.

ஐயா அதையும் எழுதினார்.

நாகனின் முறை வந்தது. அவன் பேசமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். அவன் எழும்பி நின்றான்.

"ஐயா, நான் ஒரு கத்தியும் ஒரு பாயும் கொண்டு இவள்ட தாய்ர குடிலுக்கு வந்தனான். எனக்கு மூண்டு புள்ளையளத் தந்தாள். ஒரு நாளும் நீ ஆரு எண்டு கேக்கல்ல. இப்ப அந்தப் பேரால கேக்கிறாள். எனக்கு வீடு வேணாம். அந்தப் பேர எடுத்து விடுங்க."

சின்னாச்சி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

பன்னிரண்டு தாளையும் ஐயா நூலால் கோர்த்தார். அன்று பென்சில் வெளியே வரவில்லை. முதலிலிருந்து கடைசி வரை மையால் எழுதியிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அறிக்கை என்ர பொறுப்பு. கதவுக்கு மேல கிடக்கிறது ஆர்ர பொறுப்பு?"

"என்ட."

"பின்ன ஏன் காணும் நிக்கிறீர்?"

"உத்தரவு வராமல் எப்பிடி ஐயா மாத்துறது?"

"முதல்ல வெட்டேக்க உத்தரவு இருந்ததோ?"

நான் உளியை எடுத்தேன்.

ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் போட்ட பூச்சு. ஏழு நாள் ஈரம் காத்துக் காய வைத்தது. கல் மாதிரி நின்றது. என் வேலையின் திறத்தை நான் அறிந்தது அதை உடைக்கும்போதுதான். கையில் கொப்புளம் போட்டது. முதல் நாள் மூன்று பெயர்தான் எடுக்க முடிந்தது. மறுநாள் காலை வந்தால் ஆம்பிளைகள் எல்லாரும் ஏணிக்குக் கீழே நின்றார்கள். மிச்ச ஒன்பது பேரும் தங்கள் பெயரைத் தாங்களே உடைக்கக் கேட்டார்கள். கொடுத்தேன். ஒவ்வொருவனும் தன் பெயரைச் சிரித்துச் சிரித்துக் கொத்தினான். ஒருவன் பெயரில் இருந்த கடைசி எழுத்து விழுந்ததும் மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் பூச்சுப் பூசி, கோடு பிடித்து, புதுப்பெயர் வெட்டினேன்.

சின்னாச்சி வீடு கடைசி. அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"காக்கா, இந்தக் கீறலெல்லாம் என்ட பேரா?"

"ஓம்."

"இவ்வளவு நீளமா? அவர்ர பேர் சின்னதாத்தானே இருந்திச்சு."

"உன்ட பேர் நீளம்."

"வாயும் நீளம்," என்றான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற நாகன். அவன் பகிடி விட்டு நான் கேட்டது அது ஒன்றுதான். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். ஏலவில்லை. ஆனாலும் அவனைக் குடிலுக்குள் விடவில்லை. பெயர் உறுதியாகட்டும் என்றாள்.

பெரிய அதிகாரி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பருத்த மனிதர். களப்போரம் ஜீப் புதைந்து, கடைசி அரை மைலும் நடந்து வந்தார். வந்ததும் கிணற்றுத் தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு வீடுகளைப் பார்த்தார். வாசலில் பெண்கள் நின்றார்கள். கதவு எல்லாம் பூட்டியிருந்தது.

"என்ன இது? ஒருவரும் குடியேறவில்லையே," என்றார்.

"பேர் உறுதியாகட்டும் எண்டு நிக்கிறம் ஐயா," என்றாள் சின்னாச்சி. "அடுப்பு மூட்டினாப் பொறகு எழும்பமாட்டம். அதால கேட்டுப்போட்டு மூட்டுவம் எண்டு இருக்கிறம்."

அவர் அண்ணாந்து பெயரை வாசித்தார். கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். முகம் இறுகியது.

"பட்டியலில் நாகன் என்று இருக்கிறது. இங்கே வேறு பெயர். யாருடைய உத்தரவில் மாற்றினீர்கள்?"

நான் முன்னுக்கு ஒரு அடி வைத்தேன். வாய் திறக்க முன்னம் நவரத்தினம் ஐயா சொன்னார்.

"என்ர உத்தரவு, சேர்."

அவர் உத்தரவு தரவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கோர்த்த தாள்களை நீட்டினார்.

பெரியவர் பாலை மரத்தடிக்குப் போனார். கதிரை போட்டோம். இருக்கவில்லை. நின்றபடியே பன்னிரண்டு தாளையும் வாசித்தார். ஊர் முழுக்க அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பூமணி குடிலின் மறைவில் நின்றாள். ஓரிடத்தில் அவருடைய உதடு அசைந்தது. வேலாயுதனின் தாளாக இருக்கும்.

வாசித்து முடிந்ததும் நாகனைக் கூப்பிட்டார்.

"இந்த வீட்டுக்கு நீ யார்?"

"நான் மாப்பிள்ளை ஐயா."

"கலியாணம் முடித்து எத்தனை வருடம்?"

நாகன் விரல் மடித்தான். முடியவில்லை. "மூத்தவளுக்குக் கலியாணம் பேசியிருக்கு," என்றான்.

"இன்னும் மாப்பிள்ளையா?"

"சாகுமட்டும்."

பெரியவர் சிரித்தார். பருத்த மனிதரின் சிரிப்பு. வயிறு குலுங்கியது. தாள்களைக் கதிரையில் வைத்து, குனிந்து, பட்டியலில் ஒவ்வொரு பெயராக வெட்டி, பக்கத்தில் மற்றப் பெயரை எழுதி, பன்னிரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். மை காய ஊதினார். "மூட்டுங்கள் அடுப்பை," என்றார்.

என் கையிலிருந்த திறப்புக் கோர்வையை ஐயா கண்ணால் காட்டினார். நான் வாசல் வாசலாகப் போய்ப் பெண்களின் கையில் கொடுத்தேன். இந்த முறை உரத்து ஒன்றும் வாசிக்கவில்லை. பன்னிரண்டு கதவும் திறந்தன. கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்துக் குசினிகளிலிருந்து புகை எழும்பியது. எங்கோ ஒரு பெண் குரவையிட்டாள். மற்ற வீடுகளிலிருந்து மற்றவர்களும் இட்டார்கள்.

ஆம்பிளைகள் உள்ளே போகவில்லை. ஒவ்வொருவனும் தன் மனைவியின் வேலிக்கு வெளியே, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, தலை குனிந்துகொண்டு நின்றான்.

"இவர்கள் ஏன் நிற்கிறார்கள்?" என்று பெரியவர் கேட்டார்.

"கூப்பிட வேணும் சேர்," என்றார் ஐயா. "புது வீடெண்டாப் புதுசாக் கூப்பிட வேணும்."

ஒருத்தி வெளியே வந்து கூப்பிட்டாள். அவள் புருசன் காலைக் கழுவிக்கொண்டு போனான். அடுத்தவள் கூப்பிட்டாள். வேலாயுதனைக் கூப்பிட்டபோது "தலை வரலாம்" என்று யாரோ கத்த, ஊர் உருண்டு சிரித்தது. பதினொரு பேர் போய் முடிந்தது. நாகன் மட்டும் நின்றான். வெயில் ஏறியது. அவன் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றான். குசினிக்குள் சட்டி அகப்பைச் சத்தம் கேட்டது. அவள் அவசரப்படவில்லை.

கடைசியில் வந்தாள். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். கையில் ஒரு செம்பில் தண்ணீர். வேலிப் படலையைத் திறந்து, அவன் காலில் தண்ணீரை ஊற்றினாள்.

"வாங்க," என்றாள்.

அதுவரைக்கும் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை போல. அண்ணாந்து கதவுக்கு மேலே பார்த்தான், அவளைப் பார்த்தான், குனிந்து உள்ளே போனான்.

அன்று பின்னேரம் சைக்கிளில் மூதூருக்கு வந்தேன். தோப்பூர்ச் சந்தியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தினேன். வேலிக் கடப்புக்கு இப்பால் நின்றுவிட்டேன். மனைவி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, ஊட்ட மறந்திட்டீங்களா? ஏன் வெளிய நிக்கிறீங்க?"

"நீ கூப்பிடு. வாறன்."

விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

"சரி, உள்ளுக்கு வாங்க," என்றாள்.

போனேன்.